ஒரு எச்.பி. கிரைண்டரும் உச்சி வெயிலும்

சூரியன் பெரியது, கிரைண்டர் சிறியது, ஆகவே சூரியனால் கிரைண்டரை ஓட்ட முடியும். நாற்பத்தாறு வயதில், கையில் பி.காம். பட்டத்தோடு, காய்ச்சல் எதுவும் இல்லாத நிலையில் நான் மனதார நம்பிய விஷயம் இது. யாரும் சொல்லித் தரவில்லை. நானாகவே யோசித்துக் கண்டுபிடித்தேன். துணியை மொட்டை மாடியில் போட்டால் காப்பி குடித்து வருவதற்குள் அப்பளமாக முறுகிப் போகிறது. ஸ்கூட்டர் சீட்டில் உட்கார்ந்தால் உட்கார்ந்த வேகத்தில் எழவேண்டியிருக்கிறது. இவ்வளவு ஆத்திரத்தை வைத்துக்கொண்டிருக்கும் ஒரு சூரியன், போனால் போகிறதென்று ஒரு கல்லைச் சுற்றிவிடாதா? இதுதான் என் விஞ்ஞானம்.

இந்த விஞ்ஞானம் தேவைப்பட்டதற்குக் காரணம் ஒரு மின்கம்பம். தொண்ணூறுகளின் நடுவில் நான் மில்களுக்கு பாபினும் பெல்ட்டும் வாங்கி விற்றுக்கொண்டு ஆர்.எஸ்.புரத்தில் வாடகைக்கு இருந்தேன். பையன் ஈரோட்டில் ஹாஸ்டலில் படித்தான். வீட்டில் நானும் மனைவியும் மட்டும்தான். பெரியநாயக்கன்பாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரம் பக்கமாக ஒரு இடம் வாங்கி வீடு கட்டினேன். மனைவியின் தம்பி அந்த ஊரில்தான் மோட்டார் பட்டறை வைத்திருந்தான். அவன்தான் இடத்தைக் காட்டினான். காற்று, மலை, மயில் என்று எல்லாம் இருந்தன. கரண்டு மட்டும் இல்லை.

கம்பம் ரோட்டோடு நின்றிருந்தது. ரோட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரு சோளக்காடு. அது அண்ணன் தம்பி இரண்டு பேருடையது. இரண்டு பேரும் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள். கம்பத்தை உன் பக்கத்து வரப்பில் நடு என்று அண்ணன் ஆள் விட்டுச் சொல்வார். ஏன், அவர் பக்கத்து வரப்பு என்ன பொன்னா என்று தம்பி ஆள் விட்டுக் கேட்பார். அந்த ஆள் பெரும்பாலும் நான்தான். கம்பி இழுக்கிறவர்கள் வந்தார்கள், வரப்பைப் பார்த்தார்கள், இளநீர் குடித்தார்கள், இடத்தை முடிவு பண்ணிச் சொன்னால் அடுத்த நாளே நட்டுத் தருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்களிடம் ஒரு குறையும் இல்லை. இடம்தான் முடிவாகவில்லை.

இதற்கிடையில் ஆர்.எஸ்.புரத்து வீட்டுக்காரர் தம் மகளைக் குடிவைக்க வீடு வேண்டும் என்றார். வைகாசி முடிவதற்குள் காலி செய்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். புது வீட்டில் பால் காய்ச்சவும் வைகாசியிலேயே நாள் குறித்தாகிவிட்டது. வீடு உண்டு, நாள் உண்டு, அழைப்புக்கு ஆள் உண்டு. சுவிட்சைப் போட்டால் ஒன்றும் நடக்காது என்பது மட்டும் பாக்கி.

அப்போதுதான் எங்கள் தெருக்கோடியில் ஒரு மாடிக்கடையில் சோலார் பேனல் விற்கிறார்கள் என்று பார்த்தேன். கடை ஜன்னலில் உள்ளங்கை அளவுக்கு ஒரு பேனல், அதன் கம்பியில் ஒரு சின்ன பிளாஸ்டிக் காற்றாடி. வெயில் பட்டதும் அது விர்ரென்று சுற்றியது. நான் ஆசையாக ஒரு விரலை நீட்டினேன். விரல் நுனி பட்டதும் நின்றுவிட்டது. பொருளை உடைத்துவிட்டோமோ என்று பயந்து கடைக்காரப் பையனிடம் மன்னிப்புக் கேட்டேன். யோசித்துப் பாருங்கள். முழுச் சூரியனும் என் சுட்டுவிரலிடம் தோற்று நிற்கிறது. உண்மை அங்கேயே, என் விரல் நுனியில் வந்து நின்று வணக்கம் வைத்தது. நான் அதனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன்.

கழுத்தில் டை கட்டிய அந்தப் பையன் பொய் சொல்லவில்லை. இன்றுவரை என்னால் அவன்மேல் ஒரு பொய்யைக்கூட ஏற்ற முடியவில்லை, அதுதான் எரிச்சல். கிரைண்டர் ஓடுமா என்று கேட்டேன். எவ்வளவு பேனல் போடுகிறீர்களோ அவ்வளவு ஓடும் என்றான். நாலு போதுமா என்றேன். ஆரம்பிப்பதற்கு நாலு போதும் என்றான். என் கிரைண்டர் எத்தனை எச்.பி. என்று அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஏன் நாலு என்று நீங்கள் கேட்கலாம். வீட்டுக்கு நாலு மூலை இருக்கிறதே, அதனால்தான். அதற்கு மேல் அதில் கணக்கு இல்லை.

அந்தக் கிரைண்டரைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். அது பையனின் காதுகுத்துக்குத் தாய்மாமன் சீராக வந்தது. மச்சினன் அப்போதுதான் பட்டறை போட்டிருந்தான். பட்டறையில் பூட்டிய முதல் கிரைண்டரைத் தேங்காய் பழத் தட்டுகளோடு, கழுத்தில் மாலை போட்டு, மேளத்தோடு கொண்டுவந்து இறக்கினான். வீட்டுக் கிரைண்டருக்கு அரை எச்.பி. மோட்டார் தாராளம். கோயமுத்தூரில் இது பால்காரருக்கும் தெரியும். ஆனால் எங்கள் பக்கத்தில் பாசத்தையும் எச்.பி.யில்தான் அளப்பார்கள். அக்காள் வீட்டுக்கு அரை எச்.பி. கொடுத்தால் ஊர் என்ன சொல்லும் என்று, கிணற்றில் தண்ணீர் இறைக்க வைத்திருந்த ஒரு எச்.பி. மோட்டாரை எடுத்து மாட்டிவிட்டான். அது ஓடினால் பக்கத்து வீட்டு அலமாரியில் டம்ளர்கள் ஒவ்வொன்றாக நகர்ந்து விளிம்புக்கு வரும்.

பேனலுக்குச் சொல்லிவிட்டு வந்த வாரம் கோபியில் மாமனார் வீட்டில் விருந்து. சுற்றிலும் வாழைத்தோட்டம், எதிரே இலை நிறையச் சாப்பாடு, பந்தி முழுக்கச் சம்பந்தி உறவு. வாய் சும்மா இருக்குமா? இனிமேல் கம்பத்துக்காக எவன் வரப்பிலும் போய் நிற்க மாட்டேன், என் வீட்டுக்குச் சூரியன் நேராகக் கரண்டு தரப்போகிறது, பில் கிடையாது, கட் கிடையாது என்று பாயசம் வருவதற்குள் ஒரு சொற்பொழிவே செய்துவிட்டேன். எல்லோரும் கையை இலையில் வைத்தபடி கேட்டார்கள். மாமனார் மட்டும் மோரை ஊற்றிக்கொண்டே மெதுவாகக் கேட்டார்.

“அப்போ நம்ம கிரைண்டர் ஓடுமுங்களா மாப்பிள்ளை?”

“ஓடறதா? குதிரை மாதிரி பாயுமுங்க மாமா.”

திரும்பி வரும் பஸ்ஸில், ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி மனைவி சொன்னாள்.

“ஓடுச்சுன்னா அந்த ஊட்டுக்கு வாரேன். ஓடலீன்னா கிரைண்டரத் தூக்கிட்டுக் கோபிக்குப் போயிருவேன். அப்பறம் கம்பம் வந்தாத்தான் நான் வருவேன். பொறகு என்னையக் கோவிச்சுக்கக் கூடாதுங்க.”

இது வீம்பு இல்லை. கல்யாணமான புதிதில் எங்கள் வீட்டு ஆட்டாங்கல்லில் வருஷக்கணக்காக ஆட்டி அவளுக்கு வலது தோள் போய்விட்டது. தோளுக்கு மேல் கையைத் தூக்கித் தலை சீவவே மூச்சுப் பிடிக்கவேண்டும். இனிக் கல்லைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொன்னதற்குப் பிறகு வந்ததுதான் தம்பியின் கிரைண்டர். ஆகவே, கல்யாணமாகி இருபது வருஷத்துக்கு மேலான என் குடித்தனம் இப்போது ஒரு கல் சுற்றுவதில் நின்றது. நான் ஜன்னலோரக் காற்றில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு வந்தேன்.

பேனல் வந்தது. கதவு அளவுக்கு வரும் என்று நினைத்திருந்தேன். தோசைக்கல் வாங்கப் போனவன் ஊத்தப்பக் கரண்டியோடு திரும்பியது மாதிரி, அரைக் கதவு அளவுக்கு நாலு வந்தன. பொருத்த வந்த ஆட்கள் அவற்றைத் தெற்குப் பார்த்துச் சாய்த்தார்கள். வீடு கட்டிய மேஸ்திரிக்கு அது பொறுக்கவில்லை. புது வீட்டுக்கு மேல் எதையாவது எமன் திசை பார்த்து வைப்பார்களா என்றார். நானும் திடுக்கிட்டு, கிழக்கே திருப்பச் சொன்னேன். ‘உங்க இஷ்டமுங்க’ என்று திருப்பி வைத்தார்கள். பிற்பாடு எல்லாம் கோணலானபோது ஒரு வாரம் முழுக்க இந்த மேஸ்திரியைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். அவருக்கும் நடந்ததற்கும் பெரிய சம்பந்தம் இல்லை. உச்சி வெயிலுக்குக் கிழக்கென்ன, தெற்கென்ன? ஆனால் திட்டுவதற்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது.

பாட்டரி ஒன்று, செருப்புப் பெட்டி அளவில் இன்வர்ட்டர் ஒன்று. சுவிட்சைப் போட்டார்கள். இரண்டு டியூப் லைட் எரிந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஓடிப்போய் ரோட்டோர எஸ்.டி.டி. பூத்திலிருந்து வீட்டுக்குப் போன் போட்டு, எரியுது, எரியுது என்றேன்.

“எரியறது சேரிங்க. ஆட்டுதுங்களா?” என்றாள்.

நாளைக்குப் பார்க்கலாம் என்று வைத்துவிட்டேன். அந்த ‘நாளை’யில்தான் முதன்முதலாக எனக்குச் சந்தேகம் வந்தது.

அன்று சாயங்காலம் அவள் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் ஆர்.எஸ்.புரத்து வீட்டிலிருந்த சாமான்களை ஒவ்வொன்றாகத் திருப்பி முதுகைப் பார்த்தேன். இத்தனை வருஷம் அவற்றோடு குடித்தனம் நடத்தியும் அவற்றின் முதுகைப் பார்த்ததில்லை. ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு சின்னத் தகடு, அதில் எத்தனை வாட் தின்னும் என்று எழுதியிருந்தது. ஆளின் உடம்பைப் பார்த்துப் பந்தியில் சோறு போடுகிறவன் நான். ஃப்ரிட்ஜ் குண்டு, ஆகவே நிறையத் தின்னும். இஸ்திரிப் பெட்டி ஒல்லி, ஆகவே கொறிக்கும். இப்படித்தான் நினைத்திருந்தேன். பார்த்தால் அந்த ஒல்லிப்பயல் எழுநூற்றைம்பது வாட். வாளிக்குள் சாதுவாக முங்கிக் கிடக்குமே, தண்ணீர் காய்ச்சுகிற சுருள், அது ஆயிரத்தைந்நூறு. மிக்ஸி, சட்னி அரைக்கிற இரண்டு நிமிஷத்துக்கு நானூற்றைம்பது கேட்கிறது. சூடாக்குகிற பயல்களும் சுற்றுகிற பயல்களும்தான் பெருந்தீனிக்காரர்கள். மூலையில் பாட்டுப் பாடுகிற ரேடியோ பாவம், ஒரு வாய் தண்ணீரோடு எழுந்துவிடுகிற விருந்தாளி.

கிரைண்டரின் தகட்டைக் கடைசியில் பார்த்தேன். ஒரு எச்.பி. என்றால் எழுநூற்று நாற்பத்தாறு வாட் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது, தேவையில்லாத நேரத்தில், வாத்தியாரின் குரலோடு ஞாபகம் வந்தது. பிறகு பேனல் பில்லில் எழுதியிருந்ததைக் கால்குலேட்டரில் பெருக்கினேன். முப்பத்தைந்து, நாலு தடவை. நூற்று நாற்பது. தப்பாக அழுத்திவிட்டோம் என்று மறுபடி பெருக்கினேன். நூற்று நாற்பது. கால்குலேட்டரில் பாட்டரி தீர்ந்திருக்கும் என்று திருப்பிப் பார்த்தேன். அதில் பாட்டரியே கிடையாது. வெளிச்சத்தில் ஓடுகிற ரகம். தன் இனத்தைக் காட்டிக்கொடுக்க அது கொஞ்சம்கூடத் தயங்கவில்லை.

அதற்குப் பிறகு நான் அடைந்த பீதியை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் மரியாதை வரமாட்டேன் என்கிறது. அவள் கோயிலிலிருந்து வந்ததும், இட்லி உடம்புக்கு அவ்வளவு நல்லதில்லையாமே என்று ஆரம்பித்தேன். ராகிக் களியின் பெருமையைப் பற்றி நாலு வார்த்தை சொன்னேன். கம்பங்கூழ் குடித்தவர்களெல்லாம் நூறு வயது இருந்தார்கள் என்றேன். அவள் விபூதியை என் நெற்றியில் பூசிவிட்டு, நெற்றி சுடுகிறதா என்று கையை வைத்துப் பார்த்தாள்.

மறுநாள் மச்சினனைப் புது வீட்டு மொட்டை மாடிக்கு இட்டுப்போனேன். அவன் இடுப்பில் கை வைத்து நாலு பேனலையும் சந்தையில் மாடு பார்க்கிற மாதிரி சுற்றிப் பார்த்தான்.

“எத்தன எச்.பி.ங்க மச்சான்?”

நூற்று நாற்பது வாட் என்றேன். அவன் மனதுக்குள் வகுத்தான். அவனுக்கு உலகத்தில் எல்லாமே எச்.பி.தான். விருந்தில் நாலு இட்லி சாப்பிட்டால் அரை எச்.பி. சாப்பிட்டேன் என்பான்.

“இது குதிரை இல்லீங்க. ஆட்டுக்குட்டி,” என்றான்.

அப்படியானால் கிரைண்டரில் சின்ன மோட்டாராகப் பார்த்து மாற்றிவிடேன் மாப்பிள்ளை என்றேன். என்னைப் பொறுத்தவரை அது அந்த மாதத்தில் எனக்கு வந்த ஒரே புத்திசாலித்தனமான யோசனை. அவன் முகம் செத்துவிட்டது.

“என்ற அக்காளுக்கு மேளம் வெச்சுக் கொடுத்த சீருங்க அது. அதக் கொறைக்கச் சொல்றீங்களா மச்சான்?”

சீரில் வந்த நகையை அழித்துச் சின்னதாகச் செய்யச் சொன்னால்கூட அவ்வளவு வருத்தப்பட்டிருக்கமாட்டான். எச்.பி. என்பது குடும்ப மானம். அதில் கால் பங்கைக்கூட இறக்கமுடியாது.

ஆனால் அவன் விட்டுவிடவில்லை. கோயமுத்தூர்க்காரனுக்கு ஒரு வியாதி உண்டு. காசு கொடுத்து வாங்குகிற எந்தச் சாமானையும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இதை நாமே பட்டறையில் செய்துகொள்ளலாமே என்பான். பகலெல்லாம் வருகிற வெயிலைப் பாட்டரியில் சேர்த்து வைத்து, ஆட்டும்போது மொத்தமாகக் கவிழ்த்துவிட்டால் ஆட்டுக்குட்டியும் குதிரையாகும் என்றான். கேட்பதற்குச் சரியாகத்தான் இருந்தது. எனக்கு அந்த நிலைமையில் எல்லாமே சரியாகத்தான் இருந்தது. லாரி பாட்டரி இரண்டு கொண்டுவந்தான். கடை இன்வர்ட்டர் தாங்காது என்று அவனே தாமிரக் கம்பி சுற்றி, தகரப்பெட்டியில் அடைத்து, ஒரு இன்வர்ட்டர் செய்தான். தூக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது. பெயின்ட் அடித்து, சந்தனம் குங்குமமும் வைத்தான். பாட்டரிகள் நிறையவேண்டுமென்று நான் புது வீட்டில் டியூப் லைட்டைக்கூடப் போடாமல், மெழுகுவத்தி வெளிச்சத்தில், சூரிய சக்திக்குச் சொந்தக்காரனாகச் சுவரைத் தடவிக்கொண்டு நடந்தேன்.

பால் காய்ச்சுவதற்கு முதல் நாள் சோதனை. காலையில் மனைவி டெம்போவில் பாத்திரங்களோடும் கிரைண்டரோடும் வந்து இறங்கினாள். வந்ததும் அண்டாவில் அரிசியையும் உளுந்தையும் ஊறப்போட்டாள். மறுநாள் காலைப் பலகாரத்துக்கு இட்லி. கோபியிலிருந்து மாமனார் வந்திருந்தார். நாற்காலியைக் கிரைண்டருக்கு நேர் எதிரே போட்டு, துண்டை மடித்து மடியில் வைத்து, கூத்துப் பார்க்கிற மாதிரி உட்கார்ந்தார்.

உச்சி வெயில். மேகம் இல்லை. இதைவிட நல்ல வெயிலைக் காசு கொடுத்தாலும் வாங்கமுடியாது. உளுந்தைக் கல்லில் போட்டார்கள். மச்சினன் தகரப்பெட்டியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு சுவிட்சைப் போட்டான்.

கிரைண்டர் ‘ம்ம்ம்’ என்றது. பதில் சொல்ல இஷ்டமில்லாத ஆள் முனகுகிற மாதிரி. கல் அசையவில்லை. தகரப்பெட்டி கத்த ஆரம்பித்தது. மச்சினன் கையால் ஒரு தள்ளுத் தள்ளுங்கள் என்றான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றுபோன பஸ்ஸைத் தள்ளுகிற மாதிரி கல்லைத் தள்ளினேன். சுற்றியது. சத்தியமாகச் சுற்றியது. ஒரு சுற்று, இன்னொரு சுற்று, நான் மாமனாரைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிற வரைக்கும் சுற்றியது. பிறகு படீரென்று ஒரு சத்தம், ரப்பர் கருகுகிற நாற்றம், தகரப்பெட்டியின் குங்குமத்துக்கு நடுவிலிருந்து ஒரு கோடு புகை. எல்லாம் நின்றது.

“கொஞ்சம் சூடாயிருச்சுங்க,” என்றான் மச்சினன்.

மாமனார் மடியிலிருந்த துண்டை எடுத்து மெதுவாக உதறினார்.

“ஏனுங்க மாப்பிள்ளை, குதிரை பாஞ்சுருச்சுங்களா?”

அதற்குப் பிறகு நான் செய்ததற்கு எந்தக் காரணமும் சொல்லமுடியாது. மொட்டை மாடிக்கு ஓடினேன். மலைப்பக்கம் ஒரு துண்டு மேகம் தெரிந்தது. அதுதான் காரணம் என்று கீழே பார்த்துக் கத்தினேன். எரிந்துபோனது பெட்டி. மேகம் என்ன செய்யும்? பேனலில் தூசி படிந்திருக்கிறது என்று தோன்றியது. தோளில் கிடந்த துண்டை எடுத்து நாலையும் துடைத்தேன். ஈரத்துண்டாக இருந்தால் நல்லது என்று தண்ணீரில் நனைத்து, காய்ச்சல்காரனுக்குப் பத்துப் போடுகிற மாதிரி ஒத்தி எடுத்தேன். கிழக்கே பார்த்தவற்றைத் தெற்கே திருப்ப முடியுமா என்று சட்டத்தைப் பிடித்து ஆட்டினேன். ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். எமனும் பார்த்திருப்பான்.

மனைவி முற்றத்தில் வந்து நின்று, கையை நெற்றிக்கு மேல் வைத்து, அண்ணாந்து பார்த்தாள்.

“ஏனுங்க, சூரியனத் தொடச்சது போதும், எறங்கி வாங்க. உளுந்து புளிச்சுப் போச்சுன்னா நாளைக்கு வர்ற சனத்துக்கு உங்க மூஞ்சியத்தான் இட்லியா அவிச்சு வெக்கோணும்.”

இறங்கினேன். டெம்போ திரும்பிப் போகாமல் நின்றிருந்தது. டிரைவர் கெட்டிக்காரர், முன்பே ஊகித்திருக்கவேண்டும். கிரைண்டரையும் அண்டாவையும் மறுபடி ஏற்றினோம். மச்சினனின் பட்டறையில், பாதி கழற்றிய பம்ப் மோட்டார்களுக்கு நடுவே, நியாயமான கரண்டில் கிரைண்டர் ஓடியது. குதிரை மாதிரியேதான் பாய்ந்தது. மேஜை மேலிருந்த ஸ்பேனர்கள் ஒவ்வொன்றாக நகர்ந்து விளிம்புக்கு வந்தன. மனைவி இடது கையால் மாவைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பால் பொங்கியது. இட்லி பூப்போல இருந்தது என்றார்கள். ஒன்றிரண்டில் கிரீஸ் வாசம் வந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விருந்தாளிகள் மாடியேறிப் பேனலைப் பார்த்தார்கள். மாமனார் வழியில் ஒரு பெரியவர், இது சுடுதண்ணிக்கா, வற்றல் காயப்போடவா என்று கேட்டார். இரண்டுக்கும்தான் என்றேன்.

வைகாசி முடிவதற்குள் ஆர்.எஸ்.புரத்து வீட்டைக் காலி செய்து, சாமான்களைப் புது வீட்டில் இறக்கினோம். சண்டை ஒன்றும் இல்லை. சொன்னபடி அவள் கிரைண்டரோடு கோபிக்குப் போனாள். பஸ் மேல் கிரைண்டரை ஏற்றும்போது, பார்த்து ஏற்றுங்கள் என்று நானே கத்திக்கொண்டிருந்தேன். பதமாக நடந்துகொண்டால் மனம் மாறிவிடுவாள் என்று ஓர் எண்ணம். மாறவில்லை. ‘கம்பம் வரட்டும், வாரேன்’ என்றாள்.

வாரத்துக்கு ஒருமுறை தூக்குப்போசியில் மாவு வந்தது. கோபி பஸ் கண்டக்டர் காந்திபுரத்தில் கொடுப்பார். அதை வைக்க ஃப்ரிட்ஜ் வேண்டும். ஃப்ரிட்ஜை அந்த நாலு பேனலும் தாங்காது. ஆகவே முதல் நாள் தோசை, மறுநாள் புளித்த தோசை, அதற்கு மறுநாள் எதற்கு வாய் திறக்கிறோம் என்று தெரியாத தோசை. இப்படித் தனியாக உட்கார்ந்து தின்றுகொண்டுதான், கடை இன்வர்ட்டரையே மறுபடி மாட்டி, அந்தப் பேனல்கள் எதையெல்லாம் ஓட்டும் என்பதை நான் ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். டியூப் லைட் இரண்டு, ரேடியோ. ஒரு லைட்டை அணைத்தால் மேஜை ஃபேன். இரண்டையும் அணைத்தால், பரணில் கிடந்த சின்னக் கறுப்பு வெள்ளை டி.வி. சட்டையைத் தேய்க்கவேண்டுமென்றால் படுக்கைக்கு அடியில் வைத்து மேலே படுத்துக்கொள்வது. அது என் எச்.பி.யில் ஓடியது.

அந்த டி.வி.யைச் சொல்லவேண்டும். சோளக்காட்டுப் பக்கம் வேறு யாருக்கும் டி.வி. இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலப் படம் பார்க்க அண்ணன்காரர் வர ஆரம்பித்தார். உள்ளே வந்து ஸ்டூலில் உட்காருவார். அவர் வருவது தெரிந்து தம்பிக்காரரும் வந்தார். அவர் உள்ளே வரமாட்டார். வெளியே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று பார்ப்பார். இரண்டு பேரும் ஒரே இடத்தில் சிரிப்பார்கள், ஒரே இடத்தில் மூக்கை உறிஞ்சுவார்கள். ஒருவரை ஒருவர் பார்க்கமாட்டார்கள். நான் இரண்டு பேருக்கும் தனித்தனியாகக் காப்பி போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். என் குடித்தனத்தைப் பிரித்து வைத்தவர்களுக்குக் காப்பி. எனக்கு வெட்கம் போய் வெகு நாளாகியிருந்தது.

கார்த்திகையில் வாரம் முழுக்க மூட்டம். பாட்டரி அரை வயிற்றோடு இருந்தது. எனக்குத் தெரியும், சொல்லவில்லை. படத்தில் கதாநாயகியை மலைமேல் கட்டிப் போட்டுவிட்டார்கள், கதாநாயகன் ஏறிக்கொண்டிருக்கிறான். படம் சுருங்கி, ஒரு வெள்ளைப் புள்ளியாகி, அணைந்தது.

இருட்டில் ஸ்டூலிலிருந்து அண்ணனின் குரல் வந்தது.

“கம்பம் இருந்திருந்தா இப்படி ஆகுமுங்களா?”

என்னிடம் கேட்கிற மாதிரிதான் கேட்டார். ஜன்னலுக்கு வெளியிலிருந்து பதில் வந்தது.

“நட வேண்டாம்னு நானா சொன்னேன்? என்ற வரப்புல நடோணும்னுதான வேண்டாம்னேன்.”

“சேரி, நட்ட நடு வரப்புல நட்டுக்கட்டும். எங்கிட்ட எவனாச்சும் கேட்டானா?”

அந்த நேரத்தில் லைட்டைப் போட்டால் இரண்டு பேரும் முகத்தைப் பார்த்துக்கொண்டுவிடுவார்கள். நல்லவேளை, போட முடியவில்லை. பாட்டரி முழுசாகத் தீர்ந்திருந்தது. அதை வாங்கியதற்கு அது எனக்குச் செய்த ஒரே உபகாரம், சரியான இடத்தில் செத்ததுதான்.

தை மாதம் நடு வரப்பில் கம்பம் நட்டார்கள். மாசியில் அவள் கிரைண்டரோடு வந்தாள். உளுந்தைப் போட்டு சுவிட்சைத் தட்டினாள். ஓடியது. பேனல்கள் நாலும் சேர்ந்து வாசல் விளக்கு ஒன்றை எரித்தன.